கொதிக்கும் வண்டிக்கு முன்னால் நிற்கப்போகிற உனக்கு

கண்ணு, நீ மெக்கானிக் வேலைக்கு வரப்போகிறாய் என்று உன் அப்பா சொன்னான். சந்தோஷம். பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன் எல்லாம் கை பழகினால் வந்துவிடும். வண்டி ஹீட் ஆகிற கேஸ் அப்படியில்லை. உன் கையை விட உன் குணத்தைத்தான் அது அதிகம் சோதிக்கும்.

மேட்டுப்பாளையத்தில் ஷெட் வைத்தவனுக்கு இது நன்றாகத் தெரியும். முந்நூறு மீட்டர் சொச்ச உயரத்தில் இருக்கும் நம் ஊரிலிருந்து கிளம்பி, 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, 1,850 மீட்டர் உயரக் குன்னூரைத் தொடுவதற்குள் ஒரு வண்டி தன் வண்டவாளம் முழுவதையும் சொல்லிவிடும். மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில், கல்லாறு தாண்டியதும் பானட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும் கார்களை நீயே பார்த்திருப்பாய். நம் குடும்பத்துக்குப் பல வருஷம் சோறு போட்டவை அந்தக் கார்கள்தான்.

உன் பெரியப்பா நான் எழுதியிருப்பதை வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் முதலாவதை முதலில் படித்துவிடு.

1. வண்டி வந்து நின்றதும் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதே. பார்ட்டி அவசரப்படுத்துவார். கூட வந்தவர், "தண்ணி ஊத்துங்க, சரியாயிடும்" என்பார். நீயும் உன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டத் துடிப்பாய். கையைக் கட்டிக்கொண்டு நில். அந்த மூடி குக்கர் வெயிட் மாதிரி, உள்ளே இருக்கும் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அதன் தலையில் 0.9 என்றோ 1.1 என்றோ அச்சடித்திருப்பார்கள். எத்தனை பார் அழுத்தம் வரை விடாமல் பிடிக்கும் என்ற கணக்கு அது. 0.9 பாரில் வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய்விடும். ஒரு பகுதி தண்ணீர் சட்டென்று ஆவியாகி, மீதியையும் சேர்த்து உன் முகத்தில் அடிக்கும். எங்கள் ஷெட்டில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் இதை நம்பவில்லை. தாடையிலிருந்து நெஞ்சு வரை தோல் உரிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். குணமான பிறகு இந்தத் தொழில் பக்கமே வரவில்லை. இப்போது மளிகைக் கடை வைத்திருக்கிறான், நல்ல வியாபாரம்.

ஆறிவிட்டதா என்று எப்படித் தெரியும்? மேல் ஹோஸைப் புறங்கையால் லேசாகத் தொடு. சுட்டால் இன்னும் நேரம் இருக்கிறது. தொட முடிந்தால் அமுக்கிப் பார். இறுகிப்போய் இருந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது. அரை மணி நேரம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். பிறகு தடித்த சாக்கை நாலாக மடித்துப் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, முதல் காடி வரை மட்டும் திருகு. 'உஸ்' சத்தம் முழுக்க அடங்கிய பிறகு அமுக்கித் திற. காய்ந்துபோன இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றவும் கூடாது. அதுவரை விரிசல் இல்லாத ஹெட் அந்த ஒரு குடம் தண்ணீரில் விரிசல் விடும். சூட்டோடு சூடாக வேலை செய்கிறவன் சூடு வாங்குவான்.

2. எலெக்ட்ரிக் ஃபேனை நம்பாதே. சாவியை அணைத்த பிறகும் தானாகச் சுற்றுகிற வண்டிகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் விரல் போகிற வேலையென்றால் முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்று. மோதிரம், கையில் கட்டிய கயிறு, தோளில் தொங்கும் துண்டு எல்லாவற்றையும் ஆணியில் மாட்டிவிட்டு வா.

3. ஆறுகிற நேரத்தை வீணாக்காதே, கேள். எங்கே ஹீட் ஆனது? ஏற்றத்திலா, சிக்னலில் நிற்கும்போதா, நாலு வழிச் சாலையில் நூறில் போகும்போதா? ஏசி ஓடியதா? முள் மெல்ல ஏறியதா, சட்டென்று ஏறியதா? வேறு ஏதாவது விளக்கு எரிந்ததா? பேட்டரி விளக்கு முதலில் எரிந்து, பிறகு முள் ஏறியது என்று ஒருவர் சொன்னால், பானட்டைத் திறப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்தது. ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் ஒரே பெல்ட் சுற்றுகிற வண்டியில் அந்தப் பெல்ட் அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஓட்டியவரை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளாதே. ஒரு வண்டியில் வாரத்துக்கு வாரம் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. கீழே ஒரு சொட்டு ஈரம் இல்லை, புகையும் சுத்தம். வண்டிக்காரர் எங்களோடு சேர்ந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். முன் சீட்டை விட்டு இறங்காமல் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அவருடைய அம்மா, "இந்த வண்டியில உக்காந்தாலே கால் ஈரமாகுது சாமி, ஒரு தித்திப்பு வாசம் வேற" என்றார். கால்மிதியைத் தூக்கினால் சொதசொதவென்று கூலன்ட். டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் ஒழுகியிருக்கிறது. நம் ஊரில் யார் ஹீட்டரைப் போடுகிறார்கள் என்று அந்தப் பக்கம் ஒருவரும் போகவே இல்லை. வண்டியில் உட்கார்ந்தவர் எல்லாருக்கும் வண்டியைப் பற்றி ஏதாவது தெரியும்.

4. முள்ளை மதி, ஆனால் முழுக்க நம்பாதே. சென்சார் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் வரைதான் அது சொல்வது சரி. ஹோஸ் வெடித்துத் தண்ணீர் மொத்தமும் போய்விட்டால் சென்சார் வெறும் ஆவியில் நிற்கும். முள் இறங்கக்கூடச் செய்யும். உள்ளே இன்ஜின் வெந்துகொண்டிருக்கும். "நடுவுல ஏறிச்சுங்க, அப்புறம் இறங்கிருச்சு, அதான் ஓட்டிட்டு வந்துட்டேன்" என்று யாராவது சொன்னால் நிம்மதிப்படாதே. அந்த ஹெட்டைச் சந்தேகப்படு. இப்போது வருகிற சில வண்டிகளில் முள்ளே கிடையாது, நீலமும் சிவப்புமாக ஒரு விளக்குதான். சிவப்பு எரிந்த பிறகு எத்தனை கிலோமீட்டர் வந்தார்கள் என்று கேட்க மறக்காதே. வெட்கப்பட்டுக் குறைத்துத்தான் சொல்வார்கள். கோபப்படாமல் கேட்டால் உண்மை வரும்.

5. ஸ்பேனரை எடுக்கும் முன் கண்ணைக் கொடு. ரிசர்வ் டேங்கில் மட்டம், ஹோஸ்களில் வெடிப்பு, கிளிப்புகளின் ஓரம் காய்ந்துபோன வெள்ளைக் கறை, வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டையில் கசிவு, பெல்ட்டின் இறுக்கம். அந்தச் சின்ன ஓட்டையைக் கம்பெனிக்காரன் வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறான். உள்ளே சீல் போனதை வெளியே சொல்வது அதுதான். அடைத்துவிடாதே. அடைத்து வைத்த புத்திசாலிகளைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் வண்டியின் முன்னால் குனிந்து பார். ரேடியேட்டருக்கு முன்னால் ஏசி கண்டென்சர் இருக்கும். இரண்டுக்கும் நடுவே விரல் நுழையாத இடைவெளி. மண், பூச்சி, பஞ்சு, காய்ந்த இலை எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். பின்னால் டார்ச் அடித்து முன்னாலிருந்து பார்; வெளிச்சம் வராத இடத்தில் காற்றும் வராது. இன்ஜின் பக்கமிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி, மெதுவான தண்ணீரில் கழுவு. வாட்டர் சர்வீஸ் கன்னை வைத்து அடித்தால் அந்த அலுமினிய மடிப்புகள் மடங்கிப்போகும். வந்த நோயைவிட வைத்தியம் கொடிது.

6. நின்றால் சூடு, ஓடினால் சரி என்றால் காற்றுப் பக்கம் தேடு. ஓடினால் சூடு, நின்றால் சரி என்றால் தண்ணீர்ப் பக்கம் தேடு. ஹீட் ஆகிற கேஸுக்கு இதைவிட நல்ல சூத்திரம் எனக்குக் கிடைக்கவில்லை. நிற்கும்போது ரேடியேட்டருக்குக் காற்றைக் கொடுப்பது ஃபேன்; ஓடும்போது காற்று தானாக வருகிறது. ஆகவே நின்றால் மட்டும் சூடாகிற வண்டியில் ஃபேன் மோட்டார், ரிலே, ஃபியூஸ், ஃபேன் ஸ்விட்ச் என்று வரிசையாகப் பார். வேகத்தில் சூடாகிற வண்டியில் காற்றுக்குக் குறைவில்லை. தண்ணீர் போதுமான அளவு ஓடவில்லை. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கும், பம்பின் இறக்கை தேய்ந்திருக்கும், தெர்மோஸ்டாட் பாதிதான் திறக்கும்.

ஒன்று மட்டும் எந்தப் புத்தகத்தைப் படித்தாலும் கண்ணால் பார்க்காமல் மனசில் நிற்காது. கோவை பைபாஸில் மட்டும் ஹீட் ஆகிற ஒரு கார் வந்தது. ரேடியேட்டர் புதுசு, தெர்மோஸ்டாட் புதுசு, பம்ப் புதுசு. மூன்று ஷெட் பார்த்துவிட்டு நான்காவதாக எங்களிடம் வந்தது. வண்டியை ஷெட்டில் நிறுத்தி எத்தனை நேரம் ஓடவிட்டாலும் முள் அசையவில்லை. கடைசியில் ஒருவரை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு, நான் டார்ச்சோடு கீழே படுத்துக் கீழ் ஹோஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூவாயிரம் ஆர்பிஎம் வரை ஒன்றுமில்லை. அதைத் தாண்டியதும் ஹோஸ் மெல்ல ஒட்டியது. இன்னும் கொஞ்சம் மிதித்ததும் இரண்டு பக்கமும் ஒன்றாய்ச் சேர்ந்து சப்பையாகிவிட்டது. காலை எடுத்ததும் பழையபடி உருண்டது. பம்ப் உறிஞ்சுகிற பக்கம் அது. ரப்பர் உள்ளே ஊறி இளகிப்போய் உறிஞ்சலைத் தாங்கவில்லை. ஒரு ஹோஸ் மாற்றினோம், வேலை முடிந்தது. முந்தைய மூன்று ஷெட்காரர்களும் நம்மைவிட அறிவில் குறைந்தவர்கள் இல்லை. கீழே படுக்கவில்லை, அவ்வளவுதான்.

7. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதே. நம் ஊரில் ஹீட் ஆகிற வண்டிக்குச் செய்யும் முதல் வைத்தியமே இதுதான்: "நம்ம வெயிலுக்கு அது எதுக்குங்க?" எதற்கென்று சொல்கிறேன். இன்ஜின் 85, 90 டிகிரிக்குப் பக்கத்தில் ஓடும்படி அளந்து செய்யப்பட்டிருக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் சூடேற நேரமாகும், இன்ஜின் இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும், ஆயில் கெடும். சில இன்ஜின்களில் அது பைபாஸ் வழியையும் சேர்த்து மூடுகிற மாதிரி அமைந்திருக்கும். அதைக் கழற்றினால் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிச் சுற்றி வந்து, வண்டி முன்னைவிட அதிகமாகச் சூடாகும்.

சந்தேகமென்றால் சோதித்துப் பார். அதன் மேல் 82 என்றோ 88 என்றோ பொறித்திருக்கும். நூலில் கட்டி, பாத்திரத்துத் தண்ணீருக்குள் அடி தொடாமல் தொங்கவிடு. பக்கத்தில் தெர்மாமீட்டர். அடுப்பை எரியவிட்டுப் பார்த்துக்கொண்டே இரு. உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிய, அந்தக் குட்டி வால்வு நூலிழை அளவு திறக்கத் தொடங்கும். இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறியதும் முழுக்கத் திறந்துவிடும். திறக்கவில்லையென்றால் புதிது வாங்கு; திறந்தால் திருப்பி மாட்டு. பக்கத்து டீக்கடை அடுப்பில் இதைச் செய்து பார்க்கிற பையன் ஷெட்டில் இருக்கிறான் என்று தெரிந்தால், அந்த ஷெட்டில் என் வண்டியை நம்பி விடுவேன்.

8. மூடியைச் சில்லறைச் சாமான் என்று நினைக்காதே. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பல வண்டிகளில் ஃபேன் சுற்றத் தொடங்குவதே 95 டிகிரிக்கு மேல்தான். ரப்பர் வெடித்து அழுத்தம் பிடிக்காத மூடியும், வெறும் தண்ணீருமாக ஒரு வண்டி மலையேறினால் என்ன ஆகும் என்று நீயே கணக்குப் போடு. ஃபேனுக்கு வேளை வரும் முன்பே தண்ணீர் கொதித்து வழிந்துவிடும். கீழே கோவையில் ஒழுங்காக ஓடுகிற வண்டி மேலே போய்ப் பிரச்சினை பண்ணுகிறது என்றால் மூடியை நினைத்துக்கொள். மூடியில் எதிர்ப்பக்கம் வேலை செய்கிற ஒரு சின்ன வால்வும் உண்டு. வண்டி ஆறும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து தண்ணீரைத் திரும்ப உள்ளே விடுவது அதுதான். காலையில் குளிர்ந்த வண்டியின் மேல் ஹோஸ் ஒட்டிப்போய்க் கிடந்தால் அந்த வால்வு சிக்கியிருக்கிறது.

9. ஊற்றுகிற தண்ணீரைப் பார்த்து ஊற்று. போர்வெல் தண்ணீர் வைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். சிறுவாணித் தண்ணீர் குடிக்க அமிர்தம். இன்ஜினுக்கு அதுவும் தனியாகப் போதாது, துருவைத் தடுக்கிற சரக்கு அதில் இல்லை. டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்று. கலந்தே விற்பதென்றால் மேலே தண்ணீர் சேர்க்காதே. பச்சையோடு சிவப்பைக் கலக்காதே. நிறத்தை மட்டும் பார்த்தும் முடிவு செய்யாதே. டப்பாவில் எழுதியிருப்பதைப் படி. சேராத இரண்டு சரக்கைக் கலந்தால் உள்ளே கூழாகி நிற்பதுண்டு.

வடித்த பழைய கூலன்டைச் சாக்கடை ஓரமாகக் கொட்டிவிட்டுப் போவதுதான் பல ஷெட்களில் வழக்கம். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம், ஆனால் தித்திக்கும். நாயும் பூனையும் நக்கிக் குடித்துவிட்டுச் சிறுநீரகம் போய்ச் சாகும். கேனில் பிடித்து மூடிவை. குழந்தைகள் ஓடியாடும் வீட்டை ஒட்டிய ஷெட் என்றால் பூட்டிவை. இதை உனக்குச் சொல்லித்தர எந்த முதலாளியும் மெனக்கெட மாட்டார்.

10. ஃபேனை 'டைரக்ட்' கொடுக்காதே. ஸ்விட்ச் வேலை செய்யவில்லை, ரிலே கிடைக்கவில்லை என்று இக்னிஷனிலிருந்து ஒயரை இழுத்து, சாவி போட்டால் ஃபேன் ஓடுகிற மாதிரி செய்துவிடுவார்கள். பார்ட்டிக்குச் சந்தோஷம். ஆறு மாதத்தில் மோட்டார் தேய்ந்து நிற்கும், இல்லையென்றால் ஒயர் கருகும். அதைவிடப் பெரிய பாவம், உள்ளே அடைத்துக்கொண்டிருக்கும் ரேடியேட்டரின் குறை இந்தக் காற்றில் மறைந்துபோவது. அடுத்து அந்த வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் உன் ஒயரைப் பார்த்துக் குழம்பி நிற்பான். வண்டி ஏன் சூடானது என்று உனக்குத் தெரியாத வரை அதை வெளியே அனுப்பாதே. "தெரியலைங்க, நாளைக்கு இன்னொருக்கா பாக்கணும்" என்று சொல்ல நாக்கைப் பழக்கு. இந்த வேலையில் ரொம்பக் கஷ்டமான வாக்கியம் அது.

11. மஞ்சள்தூள், முட்டை வெள்ளைக்கரு, கடையில் விற்கும் லீக் அடைக்கும் பவுடர் எல்லாம் வழியில் தவிக்கிறவன் ஊர் வந்து சேர்வதற்கு. ஓட்டையை அடைக்கிற சரக்குக்கு ஓட்டை எது, குழாய் எது என்று தெரியாது. பர்லியாறில் நின்றுபோன குடும்பத்தை இறக்கிக் கொண்டுவர அதைச் செய்யலாம், தப்பில்லை. ஊருக்கு வந்த பிறகு அதைக் கழுவி வெளியே எடுப்பதும் உன் வேலைதான். போட்டதைப் பார்ட்டியிடம் சொல்லிவிடு.

12. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று வாயைத் திறக்கும் முன் மூன்று தடவை யோசி. அது ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம். மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் பண்ணினால் நிற்காமல் குமிழி வருகிறதா? சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை போகிறதா? ஆயில் வெளுத்து நுரைத்திருக்கிறதா? ஒரு பிளக் மட்டும் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருக்கிறதா? இருந்தாலும் அவசரப்படாதே. ரேடியேட்டர் வாயில் வைத்து உறிஞ்சிப் பார்க்கிற நீலத் திரவச் சோதனை இருக்கிறது. எரிந்த வாயு தண்ணீரில் கலந்திருந்தால் பெட்ரோல் வண்டியில் நீலம் மஞ்சளாகும். நீலம் நீலமாகவே இருந்தால் வேறு இடத்தில் தேடு. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பார்கள். தீர விசாரித்த பிறகு ஹெட்டைத் தூக்கு.

தூக்கினால் முழுதாகச் செய். பழைய அம்பாசிடரின் ஹெட் வார்ப்பிரும்பு. கொதித்தாலும் ஓரளவு தாங்கிக்கொண்டது. மாருதி 800 வந்ததிலிருந்து நம் கையில் அலுமினிய ஹெட்தான். உள்ளே எரிகிற வாயு 2,000 டிகிரியைத் தாண்டும். அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். நடுவில் நின்று காப்பாற்றுவது அந்தத் தண்ணீர் ஒன்றுதான். அது ஐந்து நிமிஷம் இல்லாமல் போனாலே ஹெட் வளையும். ஸ்ட்ரெய்ட் எட்ஜை வைத்து, நேராகவும் குறுக்காகவும் மூலைக்கு மூலையாகவும் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார். பல சின்ன இன்ஜின்களுக்கு 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை. தலைமுடியை விட மெல்லிசு. அந்தத் தகடு நுழைந்தால் லேத்துக்குக் கொடுத்து ஃபேஸ் பண்ணு. கழற்றும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு வா. முடுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குப் போ. ஒரேயடியாக முடுக்காமல் இரண்டு மூன்று சுற்றாக முடுக்கு. ஒருமுறை முடுக்கினால் நீண்டுபோகிற ரகப் போல்ட் என்றால் பழையதை மாட்டாதே. கை அளவை நம்பாமல் டார்க் ரெஞ்சை எடு.

இவ்வளவும் செய்துவிட்டு, கேஸ்கெட் ஏன் போனது என்று கேட்க மறப்பவர்கள் உண்டு. எங்கள் ஷெட்டிலேயே நடந்தது. புது கேஸ்கெட், ஃபேஸ் பண்ணின ஹெட், பளபளவென்று வண்டி போனது. இரண்டு மாதத்தில் அதே வண்டி, அதே கேஸ்கெட். ரேடியேட்டரில் பாதிக் குழாய்கள் சுண்ணாம்பு அடைத்துக் கிடந்தன. முதல் தடவை கேஸ்கெட்டைக் கொன்றது அதுதான். இரண்டாவது தடவையும் அதுதான். இரண்டாவது வேலைக்குக் கூலி வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அந்தப் பார்ட்டி கொடுத்திருப்பார், விஷயம் தெரியாதவர்.

13. சில வண்டிகளில் குறை தண்ணீர்ப் பக்கமே இருக்காது. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே ஓடும், கிளட்ச் வழுக்கும், சைலன்ஸரில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கும். இன்ஜின் இரட்டை வேலை செய்து வேர்க்கும். ஓட்டி வந்ததும் நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையை நீட்டிப் பார். ஒன்று மட்டும் அனல் வீசினால் சேதி கிடைத்துவிட்டது. ஓட்டுகிறவரே காரணமாகவும் இருப்பார். மூன்றாவது கியரிலேயே முக்கி முக்கி மலையேற்றினால் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும், தண்ணீரும் மெதுவாகத்தான் ஓடும். இரண்டாவதற்கு மாற்றச் சொல். வண்டியின் சொந்தக்காரர் முன்னால் வைத்துச் சொல்லாமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல். டிரைவர் வேலையும் வேலைதான்.

14. வேலை முடிந்த பிறகு தண்ணீர் ஊற்றுவதில்தான் பலபேர் கோட்டை விடுகிறார்கள். உள்ளே காற்று சிக்கிக்கொண்டால் புதுச் சாமான் அத்தனையும் வீண். வண்டியின் மூக்கு மேட்டில் இருக்கும்படி நிறுத்து. ஹீட்டர் திருகை முழுச் சூட்டில் வை. காற்று எடுக்கும் திருகாணி இருந்தால் தளர்த்து. மெல்ல ஊற்று, ஹோஸை அமுக்கி அமுக்கி விடு, குமிழி வரட்டும். ஸ்டார்ட் பண்ணி, ஃபேன் இரண்டு தடவை சுற்றி நிற்கும் வரை பக்கத்திலேயே நில். போனைப் பார்க்காதே. பிறகு ஓட்டிப் பார். நம் ஊர்க்காரனுக்கு அதற்குப் பாதை தேட வேண்டியதில்லை, பர்லியாறு வரை ஏற்றிவிட்டு வா. இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் மட்டத்தைப் பார்த்துச் சரிசெய்த பிறகுதான் சாவியைக் கொடுக்க வேண்டும். சாயங்காலமே வேண்டும் என்று பார்ட்டி கத்தினால் கத்தட்டும். பதறாத காரியம் சிதறாது.

15. கழற்றிய பழைய சாமானைப் பேப்பரில் சுற்றிப் பார்ட்டி கையில் கொடு. எங்கே தேய்ந்தது, ஏன் மாற்றினோம் என்று காட்டு. மாற்றாததற்குப் பில் போடாதே.

16. ராத்திரி பதினோரு மணிக்கு மலைப்பாதையிலிருந்து யாராவது கூப்பிட்டால் போனை எடு. பெரும்பாலும் குழந்தைகள் அழுகிற சத்தம் பின்னால் கேட்கும். நிதானமாகச் சொல்லு: ஏசியை அணைங்க, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு ஜன்னலைத் திறங்க, வளைவு இல்லாத இடமாகப் பார்த்து ஒதுங்கி நிறுத்துங்க, இன்ஜினை அணைங்க, மூடியைத் தொடாதீங்க, வண்டிக்குப் பின்னால் தள்ளி எச்சரிக்கை முக்கோணத்தை வையுங்க, எல்லாரும் ரோட்டை விட்டுத் தள்ளி நில்லுங்க. அந்த வண்டி உன் ஷெட்டுக்கு வருமா, வேறு ஷெட்டுக்குப் போகுமா என்பதை அப்போது நினைக்காதே.

17. கடைசியாகச் சாமான் கணக்கு. ஒரு தெர்மாமீட்டர், நல்ல டார்ச், ஃபீலர் கேஜ், ரேடியேட்டரில் கையால் காற்றடித்துக் கசிவு பார்க்கிற பம்ப், டார்க் ரெஞ்ச். முதல் நான்கும் ஷெட்டிலேயே இருக்கும். டார்க் ரெஞ்ச் இருந்தாலும் அளவு தப்பியதாகத்தான் இருக்கும், அதை வைத்து ஆணி அடித்திருப்பார்கள். அதனால் முதல் சம்பளத்தில் உனக்கென்று ஒன்று வாங்கிவிடு கண்ணு. புதுச் செல்போனை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.